பழைய இருப்புக்கே முதல் மரியாதை

கிடங்கில் என் கணவருக்கு வேலை நாட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். நிர்வாகம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் எங்களுக்கு நிர்வாகம் கொடுத்தார்.

அதே வாரம்தான் எங்கள் மகள் பள்ளி மைதானத்தில் ஓட்டப் பயிற்சியின் நடுவே தலைசுற்றி உட்கார்ந்தாள். உடம்பில் இரத்தம் குறைவு என்றார் மருத்துவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கீரை, பயறு, முட்டை, பழம் என்று ஒப்பித்தார். அடுத்த மாதம் மறுபடி சோதனை. ஏறியிருந்தால் பள்ளி அணியில் ஓடலாம். ஏறாவிட்டால் இந்த வருடம் முழுக்க மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டலாம்.

"கவலைப்படாத குட்டி. கிடங்கையே கட்டி ஆண்டவன் நான். ஒரு ஃபிரிட்ஜை ஆள மாட்டேனா?" என்றார் அவர்.

நான் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் சலவை நிலையத்தில் வேலை செய்கிறேன். பகலெல்லாம் ஆவியில் வெந்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் வேகாமல் இருக்கலாம் என்ற சுயநலத்தில், கடை, சமையல் இரண்டையும் அவரிடமே ஒப்படைத்தேன்.

குறை சொல்லக் கூடாது. முதல் வாரம் அசத்தினார். பிஸ்கட்டையும் கலர் பானத்தையும் வீட்டுக்குள் வராமல் தடுத்தார். பாக்கெட்டில் வருவதை விட்டுவிட்டுப் பயறை மொத்தமாக வாங்கி ஊறவைத்தார். சாயங்காலம் சந்தை கலையும் நேரத்தில் போய்க் கீரையைப் பாதி விலைக்கு அள்ளி வந்தார். ஒவ்வொரு கட்டிலும் வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டினார். முட்டைக்குக்கூடத் தேதி இருந்தது. எனக்கு மட்டும்தான் ஒட்டவில்லை.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வேண்டும். பழையது பின்னால் கிடக்க, புதியதை எடுத்து அனுப்புகிறவன் என் கணவரின் கணக்கில் மனிதனே இல்லை. சட்டம் நல்ல சட்டம்தான். சோப்புக்கும் ஆணிக்கும் அருமையாகப் பொருந்தும். அதைக் கீரைக்கும் பொருத்தினார்.

மலிவாகக் கிடைத்ததே என்று முதல் நாளே நான்கைந்து நாளுக்கான கீரை வாங்கியிருந்தார் அல்லவா? அதற்கு மேல், இருப்பு குறையக் கூடாது என்று தினமும் ஒரு கட்டு புதிதாக வரும். வந்தது பின்னால் போகும். முன்னால் இருக்கும் மிகப் பழையது சட்டிக்குப் போகும். தினமும் பச்சைப் பசேலென்று ஒரு கட்டு வாசலில் நுழைந்தது. தினமும் மஞ்சளாக ஒரு கட்டு தட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டில் கீரையை வாட வைப்பதற்காகவே வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த என் தம்பி பேருந்து ஓட்டுகிறவன். வாயில் பிரேக் கிடையாது.

"மச்சான், இது கீரையா? கீரை போட்ட சட்டியைக் கழுவின தண்ணியா?"

"சத்து மாப்ள. சத்து ருசி பார்க்காது."

"அது சரி, சாப்பிடுறவன் பார்ப்பானே! அக்கா, நீ ஒண்ணும் சொல்றதில்லையா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை பாதியாகிப்போன மனிதரிடம் மிச்சப் பாதியையும் பிடுங்குவது போல் இருந்தது. எங்கள் வீட்டில் என் மௌனத்தை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது வசதி. எனக்கும்தான்.

மகளும் பேசவில்லை. தட்டு மட்டும் சுத்தமாகக் காலியானது. அவர் பெருமையோடு என்னைப் பார்ப்பார். "பாத்தியா? என் பொண்ணு!"

துவைப்பதற்கு முன் சட்டைப் பைகளைத் துழாவுவது என் தொழில் பழக்கம். சனிக்கிழமை மகளின் பயிற்சிக் காற்சட்டைப் பையில் கையை விட்டேன். காகிதக் கைக்குட்டையில் சுற்றிய உருண்டை ஒன்று. காய்ந்த கீரை. இன்னொரு பையில் இன்னொன்று. இந்தக் காற்சட்டை அவளைவிட நன்றாகச் சாப்பிட்டிருந்தது.

அவளைக் கூப்பிட்டு உருண்டைகளைக் காட்டினேன்.

"ஓடணும்னு ஆசை இல்லையா உனக்கு?"

"இருக்கும்மா." கண் கலங்கிவிட்டது. "வாயில வச்சாலே குமட்டுது. அப்பா பாத்துட்டே இருக்காரு. நான் என்ன செய்ய?"

சோதனைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. உருண்டைகளைக் கொண்டுபோய் சமையல் மேடையில், அவர் முன்னால் வைத்தேன். அவர் மஞ்சள் கட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பார்த்தார். புரிந்துகொள்ள நேரம் எடுத்தது.

"இன்னிக்கி வந்த கட்டை இன்னிக்கே சமைங்க" என்றேன்.

"அப்ப பழசு?"

"குப்பை."

"காசு கொடுத்து வாங்கினதும்மா!"

"அப்ப நீங்களே சாப்பிடுங்க. காற்சட்டைக்கு வேற செலவு வேண்டாம்."

அவர் சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து அடித்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். குளிர் வெளியே வழிந்துகொண்டிருந்தது. மின்கட்டணம் ஏறுகிறதே என்று முதல் முறையாக அவருக்குத் தோன்றவில்லை.

"கிடங்குல அலமாரி ஒவ்வொண்ணா காலியாச்சு" என்றார் மெதுவாக. "யாரும் ஒண்ணும் சொல்லலை. காலியாயிட்டே வந்துச்சு. அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டு, பாதி நாள் வந்தாப் போதும்னாங்க."

சொல்வதற்கு என்னிடம் நிறையக் குத்தல் இருந்தது. அதை விட்டுவிட்டு, அடித்தட்டின் பின்னால் கையை விட்டு அன்றைய கட்டை எடுத்தேன். அவர் கை தடுக்கத்தான் வந்தது. ஆனால் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே குழாயடியில் பிரித்து அலசினார்.

அன்று மகளுக்கும் எனக்கும் பச்சை. அவருக்கு மஞ்சள். பழைய இருப்பு மொத்தத்தையும் ஒரே சட்டியில் போட்டு, கிடங்கையே மெல்லுகிற முகத்தோடு மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு."

அவர் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். நன்றாக இல்லை. விழுங்கிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அடித்தட்டு துடைத்து வைத்தது போல் இருந்தது. திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பி நின்றார்.

"ஒரு கட்டு போதுமா?"

"போதும்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணா?"

உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையை நீட்டினாள்.

"ரெண்டு வாங்குங்கப்பா. எனக்குப் பசிக்குது. ரெண்டையும் இன்னிக்கே போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை என் மௌனம் சம்மதம்தான்.