மூடாத விண்டோ

மைன்ஸ் வேலையில் அப்பாவின் டோக்கன் நம்பர் 4417. என் செல்போன் நம்பரைக் கேட்டால்கூட யோசிப்பேன். இதைத் தூக்கத்திலும் சொல்வேன். அந்த மனப்பாடம்தான் அவரைக் கவிழ்த்தது.

2014இல் நெய்வேலியில் ஒரு மைன்ஸ் காண்ட்ராக்டரின் ஆபீஸில் எனக்கு வேலை. அப்பா குழந்தைவேல் அதே காண்ட்ராக்டரிடம் பத்தொன்பது வருஷமாக, கன்வேயரிலிருந்து சிந்தும் நிலக்கரியை அள்ளிப்போடுகிறவர். அந்த வருஷம் சீனியாரிட்டிப்படி நாற்பது பேரை பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னார்கள். பட்டியல் போடும் வேலை என் தலையில். பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆபீஸில் வேறு யாருக்கும் அது தெரியாது என்பதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் இத்தனை வருஷ அட்டெண்டன்ஸை ஏற்ற முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் பைதான் விண்டோவில் ஒருமுறை ஏற்றிவிட்டால் நாள்கணக்கில் மூட மாட்டேன். அதற்குள்ளேயே எக்ஸெக்ஃபைல் என்று அடித்து ஸ்கிரிப்டை ஓட்டுவேன். இறந்தவர்கள், விலகியவர்கள் நம்பரை ‘நீக்கு’ என்ற பெயரில் முதலிலேயே அடித்து வைத்தால் ஸ்கிரிப்ட் அவர்களை விட்டுவிடும்.

பட்டியல் போட்ட அன்று காலை, சரியாக விடுகிறதா என்று பார்க்க ஒரு நம்பர் வேண்டியிருந்தது. கை தானாக 4417 அடித்தது. பட்டியலில் அப்பா பெயர் வரவில்லை. சரிதான் என்று ஸ்கிரிப்டில் வேறு இரண்டு வரிகளைத் திருத்திவிட்டு, மதியம் அதே விண்டோவில் மறுபடி ஓட்டினேன். நீக்க யாருமில்லை என்று எதுவும் அடிக்கவில்லை. மூடாததால், காலையில் அடித்த 4417ஐ விண்டோ மறக்கவில்லை. நாற்பது பேர் வந்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்ததால் பெயர்களைப் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கேட் போர்டில் ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் திங்கள் சாயங்காலத்துக்குள் எழுதித் தரவேண்டும்.

“போர்டு பாத்தியாப்பா?”

“பாத்தேம்மா. அழகா போட்டிருக்க. யார்கிட்டயும் இதப்பத்திப் பேசாத.”

கண்பட்டுவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆர்டர் எப்போது வரும் என்று கேட்டேன்.

“எம் பேரு அதுல இல்லம்மா.”

“அப்பறம் ஏம்ப்பா எழுதிக் குடுக்கல?”

“நீ கம்ப்யூட்டர்ல போட்டது தப்பா இருக்குமா? உங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நாப்பது நாள் வேலைக்குப் போவல. அதப் புடிச்சிருக்கும். நான் போயி தப்புன்னு எழுதிக் குடுத்தா உன் வேலைக்கில்ல ஒல வெக்கும்?”

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவில் ஆபீஸுக்கு ஓடினேன். விண்டோ திறந்தபடியே இருந்தது. ‘நீக்கு’ என்று அடித்தேன். 4417 என்றது. மேனேஜர் குமரவேலிடம் காட்டி அழுதேன். பட்டியல் கையெழுத்தாகி நேற்றே போய்விட்டது, கெடு முடிந்தது, இனி அவர் கையில் ஒன்றுமில்லை என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா செகண்ட் ஷிஃப்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவேண்டும் என்றும் இருந்தது. அவர் ஷூ கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“அப்ப உங்கம்மாவால இல்லியா?” என்றார். “நாலு நாளா செத்தவள மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்தேனே.”