மனுவின் நகல்

மனு எழுதிக்கொடுக்கும் மாதவன் முப்பத்தோரு வருஷத்தில் எழுதாத அசிங்கம் இல்லை. அண்ணன் மண்டையைத் தம்பி உடைத்தது, மாமியார் சோற்றில் மருமகள் மண் அள்ளிப் போட்டது என்று எதைச் சொன்னாலும் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி முகம் சுளிக்காமல் எழுதிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்து முகம் சுளித்தார்.

புத்தகத்தைக் கொண்டுவந்தவள் ஆவுடைத்தாய். திருச்சுழியில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில்தான் அவர் மேசை. போன வருஷம் அதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் அவள் அழுதிருந்தாள். புருஷன் செத்த பிறகு, அவளுடைய ஒன்றரை ஏக்கர் கரிசலுக்குப் போகிற வண்டிப்பாதையைக் கொழுந்தன் பொன்னுச்சாமி முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டான். கேட்கப் போனவளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து, சேலையை உருவி, வரப்பில் தள்ளினான். சேலை சங்கதி வந்தபோது முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“இதையும் எழுதணுமா அண்ணாச்சி?”

“எழுதுனாத்தான் தாயி மனு நிக்கும்.”

எழுதினார். வழக்கம்போல ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொண்டார். அதே ஆள் மறுபடி வந்தால் முதலிலிருந்து சொல்லி அழவேண்டாம் என்பதற்காக அவர் வைத்திருந்த பழக்கம் அது. ஊரில் பேசி முடிக்கிறோம் என்று நாலு பேர் தடுத்ததால் அவள் அந்த மனுவைக் கொடுக்காமலே கிழித்துப் போட்டாள். பாதை திறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் மறுபடி வந்து புதிதாக எழுதிக் கொடுத்தாள்.

“நேத்து விசாரணையில கொழுந்தன் இந்தப் புத்தகத்துல ரெண்டு கொண்டாந்து, ஒண்ணை அதிகாரிகிட்ட நீட்டிட்டு இதை எம்மேல எறிஞ்சான் அண்ணாச்சி. ‘இது ஆறு மாசத்துக்கு முந்தியே அச்சான கதை, இதைப் பாத்துத்தான் இவ மனு எழுதியிருக்கா’ங்கிறான். போன வருஷமே எழுதுனேன்னு சொன்னதுக்கு, பழைய மனுவுக்கு நகல் இருந்தா அடுத்த செவ்வாய்க்கெழமை கொண்டான்னு அதிகாரி சொல்லிட்டாரு. பக்கத்து வீட்டுத் தங்கச்செல்விய வாசிக்கச் சொன்னேன். நாலு வரி வாசிச்சிட்டு மூடிட்டா. என்னதான் போட்டிருக்கு?”

ஆவுடைத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. மாதவன் மனசுக்குள் படித்தார். அவள் பெயர், ஊர், சர்வே நம்பர் எல்லாம் அப்படியே இருந்தன. அவருடைய மனுவே ஐந்து தரம் வந்திருந்தது. முதலில் அவர் எழுதியபடி, பிறகு கடைசி வரியிலிருந்து தலைகீழாக, மூன்றாவதில் பெயர்களுக்குப் பதில் வெற்றிடம். நாலாவதில் அவளே சேலையை அவிழ்த்துவிட்டு வரப்பில் நின்று சிரித்தாள். ஐந்தாவதில் அப்படி ஒரு பெண்ணே இல்லை, ஒரு மனு எழுதுபவனின் கற்பனை அவள்.

“நான் ஒங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன். இவுகளுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

மாதவன் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். எழுதியது கல்லூரியில் தமிழ் நடத்தும் ஜெயக்குமார். போன வருஷம் அந்த சார் வந்து, “ஒங்க மனுக்கள்ல இருக்கிற மொழி எந்த எழுத்தாளன்கிட்டயும் இல்ல” என்றதும் பல்லை இளித்துக்கொண்டு நகல் கட்டு மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்தவர் மாதவன்தான். அருப்புக்கோட்டையில் வெளியீட்டு விழா நடந்தபோது மேடையேறிப் பொன்னாடை வாங்கிக்கொண்டார். புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் தரம் அவள் வந்தபோது நகல் கையில் இல்லாததால், அந்தச் சேலை சங்கதியை மறுபடியும் அவள் வாயாலேயே சொல்லவைத்தவரும் அவர்தான்.

மறுநாள் பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போனார். ஜெயக்குமார் வாய் நிறைய வரவேற்றார். காபியும் முறுக்கும் வந்தன.

“அந்த ஆவுடைத்தாய் நகல் வேணும் சார்.”

“அதை வரிவரியா வெட்டிக் கலைச்சுப் போட்டுத்தான் அண்ணாச்சி எழுதுனேன். உத்தியே அதுதான். குப்பையில போயிருக்கும்.”

“அப்ப இது போன வருஷம் நான் எழுதுன மனுலருந்து எடுத்ததுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க.”

ஜெயக்குமார் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் சிரித்தார். “உண்மைன்னு ஒண்ணு மொழிக்கு வெளிய எங்க இருக்கு? ஆவுடைத்தாய்ங்கிறது பிரதிக்குள்ள வர்ற ஒரு குறி. வாசிக்கிறவன் குடுக்கிறதுதான் அர்த்தம். எழுதுனவனுக்கு அதுல பாத்தியதை கிடையாது.”

“வாசிச்சவன் பொன்னுச்சாமி சார்.”

“அதுவும் ஒரு வாசிப்புதான்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் முறுக்கைக் கடித்தார்.  மாதவன் கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தின் முதல் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். ஆசிரியரின் எழுத்துபூர்வமான அனுமதியில்லாமல் இந்நூலின் எந்தப் பகுதியையும் எடுத்தாளக்கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“இந்த வரிக்கு மட்டும் ஒரே அர்த்தந்தானா சார்?”

ஜெயக்குமார் முறுக்கை மென்று முடித்துவிட்டு, நாவல் ஒரு விருதுப் பட்டியலில் இருக்கிறது, இந்த நேரத்தில் எழுதிக் கொடுப்பதெல்லாம் சரிப்படாது என்றார். மாதவன் காபியைத் தொடாமல் எழுந்தார்.

பஸ்ஸில் வரும்போது அந்த மனுஷனை நினைத்துக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. சீமைக்கருவேலங்காடு தொடங்குவதற்குள் அந்த அருவருப்பு அவர் பக்கமே திரும்பிவிட்டது. ஜெயக்குமாருக்கு ஆவுடைத்தாயைத் தெரியாது. அவள் அழுததைப் பார்த்தவர் இவர். ஒரு புகழ்ச்சிக்கு விற்றவரும் இவர்தான். வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்த பொன்னாடையை எடுத்துச் சைக்கிள் துடைக்கப் போட்டார். அதனாலும் மனசு ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை, முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக, மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். அதிகாரி முன்னால், பொன்னுச்சாமியும் ஆவுடைத்தாயும் நிற்க, அதை அவரே வாசித்தார்.

“ஆவுடைத்தாய் சென்ற ஆண்டு என்னிடம் நேரில் சொன்னதை எழுதினேன். அதன் நகலை, அவளைக் கேட்காமல், நாவல் எழுதுகிறவரிடம் கொடுத்தேன். புத்தகத்தில் உள்ளது அந்த மனுதான். குற்றம் என்னுடையது. எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்லக் கட்டுப்பட்டவன்.”

அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை பாதையை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். பொன்னுச்சாமி புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினான். விஷயம் மாதவனுக்கு முன்னாலேயே ஜெராக்ஸ் கடை வாசலுக்குப் போயிருந்தது. மேசைக்கருகே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து அடுத்த தெரு டைப்பிஸ்டைத் தேடிப் போனார்கள்.

ஆவுடைத்தாய் மட்டும் மேசைக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“ரெண்டு மாசத்துக்கு முந்தி எழுதுனதுக்கும் நகல் வச்சிருக்கீகளா?”

“இருக்கு தாயி.”

கையை நீட்டினாள். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அவள் தாளை மேசைமேல் விரித்தாள்.

“இதுல எம்பேரு எங்கன இருக்கு?”

காட்டினார். பெயர் உள்ளே போகும்படி தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவரை ஏறிட்டுப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.