அழைப்பு மணியில் இல்லாத பெயர்

விடியுமுன்பே கொட்டகையில் நண்டு வந்து இறங்கிவிட்டது. கையுறையைக் கிழித்து விரலைக் கவ்வும் சனியன்கள், இந்த நீல நண்டுகள். வெனிஸ் பக்கத்து எங்கள் கியோஜா காயலின் மட்டிச் சிப்பியையெல்லாம் தின்று தீர்த்தவை இவைதான். மட்டி இருந்தவரை மாதச் சம்பளம். இப்போது பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி, அதையும் முதலாளி கவாலின் இரண்டு முறை குறைத்துவிட்டார்.

எனக்கு எதிரே நீவெஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நண்டு கட்டைவிரலைக் கவ்வி ரத்தம் வருகிறது, அவள் சத்தமே போடவில்லை.

"என்னடி, உசுரு இருக்கா இல்லையா?"

"ஒர்நெல்லா... வியாழக்கிழமை வெனிஸ் கோர்ட்டுக்கு வரணுமாம். தபால் வந்துருச்சு."

கையிலிருந்த நண்டைப் பெட்டியில் போட்டேன்.

நீவெஸின் புருஷன் மட்டி வளர்த்தவன். மட்டி போனதும் படகைக் கட்டிப்போட்டான். குளிர்காலம் தொட்டு, அவள் பெயரில் எடுத்த வீட்டுக்கு வாடகை நின்றுபோனது. வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருக்கிறார், நோட்டீஸோடு கோர்ட்டு ஆள் வரப்போகிறான் என்று தெரிந்ததும், கொட்டகைப் பெண்கள் குடியிருக்கும் எங்கள் சந்து முழுக்கக் கூடி ஒரு காரியம் செய்தோம். ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் போஸ்கோலோ. பட்டப்பெயர் தெரியாமல் யார் வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தைரியத்தில் அழைப்பு மணியிலிருந்து அவள் பெயரைக் கழற்றி எறிந்தோம்.

கோர்ட்டு ஆள் வந்தான். "எந்த போஸ்கோலோ சார்? நானும் போஸ்கோலோதான், உள்ள வாங்க, காப்பி போடறேன்" என்றேன். சந்தே சிரித்தது. கதவுக்குப் பின்னால் நீவெஸ் தன் இரண்டு பெண்களின் வாயையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் வாங்காத நோட்டீஸ் செல்லாது என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

மத்தியானம் அவளைக் வாடகைக் குடியிருப்போர் சங்கத்து எல்டாவிடம் இழுத்துப் போனேன். கதையைக் கேட்டு எல்டா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யாருடி உங்களுக்கு இந்த யோசனை சொன்னது? வாங்கினாலும் வாங்காட்டியும் சட்டப்படி அது வந்து சேர்ந்ததுதான். நல்லா கேளு நீவெஸ். நீ நேர்ல போய் நின்னு, கஷ்டத்தைச் சொல்லி அவகாசம் கேட்டா, நீதிபதி மூணு மாசம் வரைக்கும் தரலாம். நீ போகலைன்னா, அன்னைக்கே காலி பண்ணச் சொல்லி உத்தரவு."

"கேட்டா நிச்சயம் தருவாங்களா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாது. கேட்காதவளுக்கு நிச்சயமா கிடையாது."

நீவெஸ் எழுந்துவிட்டாள். "என்னால முடியாது. மணி அடிச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது. நீதிபதி முன்னால நாக்கு எழும்பாது."

எனக்கும் பயம்தான். என் வீட்டு வாடகையும் இழுபறியில்தான் இருக்கிறது. இன்று அவள் வாசலில் நிற்பவன் நாளை என் வாசலில் நிற்க மாட்டானா? அதை அவளிடம் சொல்லவில்லை. "தனியா யாருடி உன்னைப் போகச் சொன்னது?" என்றேன்.

புதன்கிழமை கொட்டகைப் பெண்கள் எல்லாருமாக, மறுநாளுக்கு லீவு கேட்டு முதலாளியிடம் போனோம்.

"நாளைக்கு ரெண்டு லாரி நண்டு வருது," என்றார் கவாலின். "வாடகை கட்டாதவ ஒருத்தி. அவ பின்னால ஊர்கோலமா?"

"கூலியைக் குறைச்சது யாரு முதலாளி?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"போறவ திரும்பி வரவேண்டாம்!"

ஏப்ரனை அவிழ்த்து மடித்தேன். "அவ பேரைக் கழற்றினது நாங்க எல்லாரும்தான். போறதும் எல்லாரும்தான். நண்டை நீங்களே பிரிங்க. விரல் பத்திரம்" என்றேன். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எங்களை வெளியே கொண்டுவந்தது.

வியாழன் விடிகாலை வெனிஸுக்குப் பஸ் ஏறினோம். எவ்வளவு தேய்த்தும் நண்டு வாடை எங்களை விடவில்லை. கோர்ட்டில் ஒருத்தி மூக்கைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தாள். உட்காரட்டும்.

"போஸ்கோலோ நீவெஸ்!"

அவள் கை என் கைக்குள் ஐஸாகக் கிடந்தது. கண் கதவையே பார்த்தது. ஓடிவிடுவாளோ என்று இறுக்கிப் பிடித்தேன்.

"போஸ்கோலோ நீவெஸ்!"

"வரலை போலிருக்கு. அப்படியே பதிவு பண்ணிடலாம்," என்றார் வீட்டுக்காரரின் வக்கீல், கடிகாரத்தைப் பார்த்தபடி.

நான் எழுந்தேன். எங்கள் கொட்டகை முழுவதும் எழுந்தது. பெஞ்சுகள் கிறீச்சிட, நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களில் யார் நீவெஸ்?"

வாயைத் திறக்கப் போனேன். என் கை வெறுமையாக இருந்தது. அவள் முன்னால் போயிருந்தாள். கட்டைவிரலில் கட்டோடு.

"நான்தான். இருக்கேன் ஐயா. இங்கதான் இருக்கேன். எனக்கு அவகாசம் வேணும்."