நூற்றி இருபத்தேழாவது பல்செட்

என் மகளைக் கட்டியவருக்கு டேட்டாபேஸ் அமைப்பது தொழில். டேட்டாபேஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கட்டம் போட்ட அலமாரி. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பெரிய எண் கொள்ளவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதில்தான் ஒருவனுடைய மூளை தெரியும் என்பார் மாப்பிள்ளை. அவருடைய மூளை எங்களுக்கெல்லாம் நன்றாகவே தெரிந்தது.

அப்போது அவர் ஒரு பல் லேபுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள்; ஒவ்வொரு வாய்க்கும் ஓர் ஆர்டர் எண் விழும். அந்த எண் போய் வரிசையில் நிற்கும். பல் கடையும் மெஷின் வரிசையிலிருந்து எண்ணை எடுத்து, அதற்குரிய அளவைத் தேடிப் பிடித்து, பல்செட்டைக் கடைந்து தள்ளும். இந்த வரிசையைத்தான் மாப்பிள்ளை வேகப்படுத்தினார்.

"சாதாரணமா ஒரு எண்ணுக்கு நாலு பைட் இடம் ஒதுக்குவாங்க மாமா. நான் ஒண்ணுல முடிச்சிட்டேன்" என்றார், சாப்பிட உட்கார்ந்தபோது.

"மிச்ச மூணை என்ன செய்வீங்க மாப்பிள்ளை? வீட்டுக்குக் கொண்டு வருவீங்களா?"

"மிச்சம்னா வேகம் மாமா. உங்களுக்குப் புரியாது."

"அப்பா, அவரை வம்புக்கு இழுக்காதீங்க" என்றாள் மகள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"அந்த ஒரு பைட்டுல எத்தனை வாய் கொள்ளும்?"

"டைனி இன்ட்னு ஒரு வகை இருக்கு மாமா. பக்கத்துல அடைப்புக்குறி போட்டு மூணுன்னு எழுதியிருக்கேன். மூணு இலக்கம். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது வரைக்கும் தாராளம். வருஷம் பிறந்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து."

ஒரு வாயின் அளவு, பல், ஈறு, அண்ணம் எல்லாமாகச் சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு முழுநீளச் சினிமா அளவுக்கு இடம் பிடிக்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்து இவர் மூன்று பைட் மிச்சம் பிடித்தார். யானை ஏற்றிய லாரியில் பாரம் குறைக்க டிரைவரின் சட்டைப் பொத்தானைப் பிய்த்தெறியும் புத்திசாலித்தனம். கொள்ளாத எண் ஏதாவது வந்தால் டேட்டாபேஸ் கத்தவேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கத்தினால் வேகம் குறையும் என்று அதன் வாயையும் அடைத்துவிட்டார்.

இதெல்லாம் எனக்கென்ன என்று இருந்திருப்பேன். என் தம்பிக்கு முன்பல் போனதால் இருக்கமுடியவில்லை.

தம்பி நகர பேண்டில் முதல் டிரம்பெட். ஓடும் பஸ்ஸில் நின்றபடியே பயிற்சி செய்யும் பழக்கம் அவனுக்கு. டிரைவர் பிரேக் போட்டார். டிரம்பெட் நின்றது, தம்பி நிற்கவில்லை. மேல்வரிசை மொத்தமும் டிரம்பெட்டுக்குள் போய்விட்டது. டிரம்பெட்காரனுக்கு முன்பல் என்பது கட்டடத்துக்குக் கடைக்கால் மாதிரி. உதடு ஊன்றிக்கொள்ள வேறு இடம் கிடையாது. பேண்டு மாஸ்டர் ஈவிரக்கம் இல்லாதவர். "சனிக்கிழமை வந்து வாசிச்சுக் காட்டு. இல்லேன்னா உன் நாற்காலி ரெண்டாவது டிரம்பெட்டுக்கு" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது டிரம்பெட் வாசித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கைக்குட்டை நீட்டுவார்கள். தும்மல் என்று நினைத்து.

"அண்ணே, அந்த நாற்காலி போனா நான் வேற என்னத்தை ஊதறது? அடுப்பையா?" என்றான் தம்பி. அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளையின் லேபிலேயே ஆர்டர் கொடுத்தோம். எண் இருநூற்றுப் பன்னிரண்டு. பல்செட் வந்தது. பெட்டியின்மேல் தம்பி பெயர் சரியாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். நடுவில் இரண்டு பல்லுக்கும் இடையே ஒரு சாவி நுழைகிற அளவுக்குச் சந்து. ஊதினான். டிரம்பெட்டுக்குப் போகவேண்டிய காற்றில் பாதி சந்து வழியாகப் போய் எதிர்வீட்டு நாயைக் கூப்பிட்டது. நாயும் வந்தது.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "பழகிடும்" என்றார்.

"நாய்க்கா, எனக்கா?" என்றான் தம்பி.

லேபுக்கே நேரில் போனோம். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலி காலி இல்லை. ஒரு பாட்டு டீச்சர், ஒரு சமையல்காரர், இரட்டைப்பிள்ளை மாதிரி ஒரே சாயலில் ஒரு கணவனும் மனைவியும், இன்னும் யார் யாரோ. தம்பியைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தார்கள். எல்லா வாயிலும் அதே சந்து. ஆளுக்கு ஒரு முகம், எல்லாருக்குமாக ஒரே சிரிப்பு. அவர்கள் பேசியபோது கூடமே குக்கர் மாதிரி விசிலடித்தது.

"உங்களுக்கும் பழகிடும்னு சொன்னாங்களா?" என்றார் டீச்சர், விசிலுக்கு நடுவே.

கதவை உதைத்துக்கொண்டு ஒரு பூட்டுக்காரர் நுழைந்தார். வாயில் ஒரு சாவி. வேலை செய்யும்போது சாவியைக் கவ்விக்கொள்ள அவருக்கு அந்தச் சந்து மூன்றாவது கை. அதனால் சந்தோடுதான் வேண்டும் என்று கேட்டுக் கட்டிக்கொண்டவர். சாவியை எடுத்துவிட்டுக் கத்தினார்.

"யாருய்யா இங்க பெரியவன்? என் சிரிப்பை எவனைக் கேட்டு ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டீங்க? மார்க்கெட்ல என் பொண்டாட்டி எவனோ ஒருத்தன் சிரிச்சதைப் பார்த்து நான்னு நினைச்சுப் பையைக் கொடுத்துட்டு வந்திருக்கா!"

முதலாளியம்மா வெளியே வந்தார். பூட்டுக்காரருடைய ஆர்டர் எண்ணைக் கேட்டார். நூற்றி இருபத்தேழு. மற்றவர்களுடையதைக் கேட்டார். எல்லாம் அதற்கு மேல். உடனே மாப்பிள்ளைக்கு ஆள் போனது. அவரும் வந்து சேர்ந்தார்.

"நூத்தி இருபத்தேழு வரைக்கும் எல்லாருக்கும் அவங்கவங்க பல்லு. அதுக்கப்புறம் எல்லாருக்கும் இவர் பல்லு. ஏன்?" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்தார், கையேட்டைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. "டைனி இன்ட்ல அதுக்கு மேல கொள்ளாது மேடம். மேல வர்றதை எல்லாம் நூத்தி இருபத்தேழாக்கி வெச்சிருக்கு."

"அடைப்புக்குறில மூணு போட்டிருந்தீங்களே?"

"அது கொள்ளளவு இல்லையாம் மேடம். திரையில எவ்வளவு அகலமாக் காட்டணும்ங்கிறதுக்காம்."

"ஆக, அழகுக்கு."

"ஒரு பைட்டுக்கு இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் வரும் மேடம். ஆனா நான் பாதியை மைனஸ் எண்ணுக்கு விட்டுட்டேன்."

"மைனஸ் எண்ணா?" நான்தான் கேட்டேன். "மைனஸ் ஏழாவது ஆளு வந்து பல்லைக் கழட்டிக் குடுத்துட்டுப் போவாரா மாப்பிள்ளை?"

கூடம் முழுக்க விசில். சிரித்தார்கள்.

அவமானப்பட்ட சிக்கனக்காரன் மாதிரி ஊதாரி உலகத்தில் கிடையாது. மாப்பிள்ளை அங்கேயே உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் பிக் இன்ட் ஆக்கினார். ஒவ்வொன்றிலும் பத்தொன்பது இலக்கம் கொள்ளுமாம். ஆர்டர் எண்ணோடு விட்டாரா? ஒரு வாயில் எத்தனை பல் என்கிற கட்டத்தையும் விடவில்லை. கடற்கரை மணலையெல்லாம் பல்லாக வைத்திருப்பவர் வந்தாலும் அந்த லேப் இனி அசராது. பிறகு "இப்போ பாருங்க மாமா" என்று, கெட்டுப்போன ஆர்டர் அத்தனையையும் திரும்பக் கடையும்படி மெஷினுக்கு உத்தரவு கொடுத்தார்.

மெஷின் புது வேகத்தில் கடைந்தது. முதல் பல்செட்டை முதலாளியம்மா கையில் எடுத்தார். சந்து. அடுத்தது, சந்து. பானையைப் பெரிதாக்கினால் கொட்டிய தண்ணீர் திரும்பி வருமா? நூற்றி இருபத்தேழாக்கி எழுதிவைத்தது எழுதிவைத்ததுதான். இப்போது அது விசாலமான இடத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது, அவ்வளவுதான். பூட்டுக்காரர் மட்டும் மாற்றுக்கு ஆகும் என்று இரண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொரு பேரையும் பார்த்து சரியான எண்ணைத் திரும்ப ஏத்தணும் மாமா. மெஷின் ஓடறதை இனி நடுவுல நிறுத்தவும் முடியாது, கொடுத்ததை எல்லாம் கடைஞ்சு முடிச்சாத்தான் உண்டு. சின்ன மாமா பல்லு திங்கக்கிழமை வந்துடும்" என்றார் மாப்பிள்ளை.

சனிக்கிழமை தம்பி அதே சந்தோடு போனான். நானும் கூடப் போனேன். ஒத்திகைக் கூடத்தில் இரண்டாவது டிரம்பெட் ஏற்கெனவே முதல் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் வாயைத் திறக்காமல் குச்சியால் சைகை காட்டினார். அன்று காலையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறார் என்று மேளக்காரர் என் காதில் சொன்னார்.

தம்பி ஊதினான். கீழ்ச் சுரங்கள் எப்படியோ ஒப்பேறின. உச்ச சுரத்துக்கு மூச்சைத் திரட்டி ஒரே தள்ளாகத் தள்ளினான். சுரம் வரவில்லை, பல்செட் வந்தது. டிரம்பெட்டின் விளிம்பில் பட்டுத் தெறித்து, மேளத்தின்மேல் ஒரு குதி குதித்து, தாளம் தப்பாமல் மாஸ்டர் மடியில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது டிரம்பெட் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டான்.

மாஸ்டர் பல்செட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சந்தில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு தன் வாயைத் தடவிக்கொண்டார்.

"இது என்னோடதா?" என்றார். கூடத்தில் விசில் கேட்டது.

"உங்களோடது உங்க வாயிலயே இருக்கு சார்" என்றான் தம்பி, பொக்கை வாயோடு. "ரெண்டுமே ஒரு பூட்டுக்காரரோடது."

நான் நடந்ததைச் சொன்னேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். வாயைத் திறக்க அவருக்கும் விருப்பம் இல்லை. கடைசியில் இரண்டாவது டிரம்பெட்டைப் பார்த்துக் குச்சியை ஆட்டி, "எந்திரி" என்றார். பிறகு தம்பியிடம் சொன்னார்: "அவங்கவங்க பல்லு வரட்டும். அப்புறம் வாசி. அதுவரைக்கும் அந்த நாற்காலில யாரும் உட்காரக் கூடாது."

திங்கட்கிழமை பல் வந்தது. தம்பி வாசித்தான், நாற்காலியும் அவனிடமே நின்றது. எதிர்வீட்டு நாய்தான் கொஞ்ச நாள் ஏமாந்துபோய் வாசலிலேயே கிடந்தது.

மாப்பிள்ளை இப்போது முதியோர்களுக்கான ஏதோ ஒரு டேட்டாபேஸ் அமைக்கிறார். போன வாரம் சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தார். "வயசுங்கிற கட்டத்துக்கு டைனி இன்ட் போதும் மாமா. எந்த மனுஷன் நூத்தி இருபத்தேழைத் தாண்டப்போறான்?"

"என் கட்டத்தை மட்டும் பெரிசாப் போட்டு வையுங்க மாப்பிள்ளை" என்றேன். "நூத்தி இருபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு உங்களைக் கூப்பிடலாம்னு இருக்கேன்."