ஏறாத கப்பலுக்கு வந்த பில்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் பிரேக் மேடம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். குறுக்கே நாய் வந்தாலும் லாரி வந்தாலும், ஓட்டுகிறவர் அலறி முடிப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். வண்டிக்குத்தான் அந்த பிரேக். அவள் வாய்க்கு யாரும் வைத்துக் கொடுக்கவில்லை.

அண்ணன் சாப்பிட வந்திருந்த ஒரு சனிக்கிழமை மதியம், அவள் போனுக்கு மாத பில் வந்து விழுந்தது. வீட்டில் இரண்டு போன்களுக்கும் அவள் பெயரில்தான் கான்ட்ராக்ட். தொகையைப் பார்த்தவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். அவளுடைய ஒரு மாதச் சம்பளம் அப்படியே அதற்குள் போய்விடும்.

"ஏங்க, இந்த மாசம் போன்ல என்ன பண்ணீங்க?"

கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "என்ன பண்ணேன்? உன்கூடப் பேசினேன்."

"என்கூடப் பேசினதுக்கு இவ்வளவு பில்லா? டேட்டாவாம். மொத்தமும் உங்க நம்பர்!"

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பனைமர உயரத்துக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி இறக்க வேண்டும். பேசவே யோசிக்கிற ஆள்.

"காத்து பாப்பேன். வேற ஒண்ணும் பாக்கல."

"காத்தா?"

"காத்து எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு போன்ல வரும். தூக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்."

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காத்துக்கு இவ்வளவு காசா மாப்ள? மேல தனியா உக்காந்திருக்கீங்க, கதவைத் தட்டக்கூட ஆள் கிடையாது. சும்மா சொல்லுங்க, நம்ம வீடுதானே."

அவள் அங்கேயே அதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோபம் மண்டைக்கு ஏறியிருந்தது.

"அதானே! மேல உக்காந்து என்ன கண்றாவியப் பாக்கறாரோ, யாரு கண்டா!"

அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை அவள் போன் கம்பெனியைக் கூப்பிட்டாள். அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு பல் டாக்டர். ஊரையே வாயைப் பிளக்க வைக்கிற மனிதர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் கை நடுங்கும். ஸ்பீக்கரில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. நடுநடுவே ஒரு குரல், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்றது.

"முக்கியம்னா எடுத்துத் தொலைங்களேன்!" என்றாள். டாக்டர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று அவசரமாகக் கியரை மாற்றினார். வண்டி குலுங்கியது.

கடைசியில் தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண் எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "இது கடல்வழி ரோமிங் மேடம். உங்க வீட்டுக்காரர் கப்பல் நெட்வொர்க்ல டேட்டா யூஸ் பண்ணியிருக்கார்."

"கப்பலா? அவர் எந்தக் கப்பல்ல போனாரு?"

"பயணிகள் கப்பல் மேடம். ஒரு வாரத்துக்கு மேல தினமும் அதுல இருந்ததா எங்க சிஸ்டம் காட்டுது. டூர் போயிருப்பார்."

அவள் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் ஆளாளுக்கு ஹாரனை அழுத்தினார்கள்.

"வண்டியத் திருப்புங்க டாக்டர். துறைமுகத்துக்குப் போகணும்."

"மேடம், யூ டர்ன் நீங்க இன்னும் சொல்லித் தரலையே."

"இப்ப சொல்லித் தரேன். ஸ்டீயரிங்கை ஒடிங்க!"

வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போன மனிதர், சாயங்காலம் கிரீஸ் வாடையோடு வந்து நிற்பார். இடையில் எங்கே போனார், யாரோடு போனார்? எல்லாம் நாடகமா? யோசிக்க யோசிக்க ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பொருந்தாததும் கோபத்தைத்தான் கூட்டியது.

துறைமுக கேட்டில் காவலாளி உள்ளே விடவில்லை. தகவல் அனுப்பி அவரை இறங்கி வரச் சொன்னார்கள். டீ குடிக்க வந்த ஆட்கள் கேட் பக்கமாக நின்றிருந்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தார்.

"எந்தக் கப்பல்ல போனீங்க? யாரு கூடப் போனீங்க? இப்பவே தெரிஞ்சாகணும்!"

டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. அவர் காவலாளியைப் பார்த்தார், கூட வேலை செய்கிறவர்களைப் பார்த்தார், காருக்குள் விழித்துக்கொண்டிருந்த பல் டாக்டரைப் பார்த்தார்.

"நான் ஏறல. என் மானம்தான் இப்ப கப்பலேறிடுச்சு" என்றார்.

பிறகு கையை நீட்டிக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம், அவருடைய கிரேனை ஒட்டினாற்போல வெள்ளை வெளேரென்று ஒரு பயணிகள் கப்பல் நின்றது. மாடி மாடியாக ஜன்னல்கள். ஏதோ ரிப்பேருக்காகக் கட்டிப் போட்டிருக்கிறார்களாம்.

"என் கேபினுக்கு நேர் எதிர்ல நிக்குது. அது வந்ததிலேர்ந்து போன்ல வேற ஏதோ பேர் வருது. கம்பெனிதான் பேரை மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். மேலே, கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அவள் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். கப்பலில் இருந்த டவர்தான் அவர் போனைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. அதற்குள் தடித்த மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் முன்னால் வந்தார். அவரும் கிரேன் ஓட்டுகிறவர். எல்லாரும் அவரைக் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள்.

"எனக்கும் வந்துச்சு அண்ணி. வீட்டுல தெரிஞ்சா நாறிடும்னு, நகையை வச்சு சத்தமில்லாம கட்டிட்டேன்."

"தப்பே பண்ணாம எதுக்குய்யா கட்டினே?"

"கேட்டா யாரு நம்புவா அண்ணி?"

அவளுக்குச் சுருக்கென்றது. கணவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். "வாங்க, ரெண்டு பேரும் கடைக்குப் போலாம்" என்றாள் அவரிடம், கொஞ்சம் இறங்கின குரலில். "ஷிஃப்ட் முடியல" என்று சொல்லிவிட்டு அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன் கம்பெனியின் கடை துறைமுகத்துக்கு வரும் பெரிய ரோட்டிலேயே இருந்தது. மேனேஜர் இளவயசு. டை கட்டியிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, குழந்தையைத் தேற்றுகிற மாதிரி சிரித்தார்.

"கப்பல்ல ஏறாம கப்பல் நெட்வொர்க் வராது மேடம். சாருக்கு வெல்கம் மெசேஜ்கூட அனுப்பியிருக்கோம். டேட்டா ரேட் அதுலயே இருக்கு."

"எங்க வீட்டுக்காரருக்கு வர்ற மெசேஜ்ல முக்கால்வாசி உங்க விளம்பரம். லோன் வேணுமா, பாட்டு வேணுமான்னு உயிரை எடுக்கறீங்க. அதுல இது ஒண்ணு எதுன்னு அவர் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கணுமா?"

"கோபப்படாதீங்க மேடம். வீட்டுல கொஞ்சம் பொறுமையா விசாரிச்சீங்கன்னா..."

"என்னத்த விசாரிக்கறது?"

"இல்ல, சில சமயம் ஆம்பளைங்க வீட்டுல சொல்லாம..."

இரண்டு நாளுக்கு முன் அவள் சொன்னதைத்தான் அந்த ஆள் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னான். அதை இன்னொருத்தன் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் தகித்தது.

"எழுந்திருங்க" என்றாள்.

"மேடம்?"

"உங்க போனை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க. கார் வெளிய நிக்குது. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன். வர்ற போற ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்தக் கதைய முதல்லேர்ந்து சொல்லுவேன். எனக்குத் தொண்டை கட்டாது, நான் டிரைவிங் சொல்லித் தரவ."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "போயிட்டுத்தான் வாங்களேன் தம்பி" என்றார். மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததும் டாக்டர் பயபக்தியோடு வண்டியை எடுத்தார். கிளாஸ் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை.

கேட்டை ஒட்டி, கப்பலுக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னாள். மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அப்போது போன் டிங்கென்றது. மேனேஜர் படித்தார். முகம் வெளுத்தது.

"சத்தமாப் படிங்க."

"'கப்பலுக்கு நல்வரவு. உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்.'" சொல்லிக்கொண்டே அவர் பதறிப்போய் டேட்டாவை அணைக்கத் தேடினார். விரல் வழுக்கியது.

"எதுக்கு அணைக்கறீங்க? கொஞ்ச நேரம் காத்து பாருங்க" என்றாள் அவள். "அப்புறம், வீட்டுல சொல்லாம நீங்க யாரு கூட டூர் வந்தீங்க?"

டாக்டர் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

மேனேஜர் அங்கிருந்தே தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். முதலில் பாதியைக் குறைக்கிறோம் என்றார்கள். பாதிக் கப்பலில் யாராவது ஏற முடியுமா என்று அவள் கத்தியது அந்த முனைக்கே கேட்டிருக்கும். சாயங்காலத்துக்குள் மொத்தமும் ரத்தானது. கண்ணாடி கட்டிய பணமும் திரும்பி வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' தள்ளுபடி செய்வதாக ஒரு மெசேஜ் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அடுத்த நாளே இரண்டு நம்பரையும் வேறு கம்பெனிக்கு மாற்றினாள்.

பில் ரத்தான அன்றே, அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் சட்டையை மாற்றிக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை. அவள் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் ஒரு தப்பும் பண்ணல. நீ அன்னைக்குப் பேசினது அசிங்கம்" என்றாள். அண்ணன், "விளையாட்டுக்குச் சொன்னேம்மா" என்று இழுத்தார். அவள் குரல் ஏறியது.

"அவரை ஏன் திட்றே?" என்றார் கணவர். போனை வாங்கிக் கட் பண்ணினார். "அவர் சிரிச்சாரு. சொன்னது நீ. கம்பெனிக்காரனுக்கு என்னைத் தெரியாது. உனக்குமா தெரியாது?"

வாய்வரை பத்து பதில் வந்தது. பில்லைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது என்பது ஒன்று. அத்தனையையும் விழுங்கினாள்.

"தப்புங்க. நான் சொன்னது தப்பு. கேட்ல வந்து கத்தினதும் தப்பு."

அவர் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி. ரெண்டு நாள் போகட்டும்" என்றார்.

அந்த இரண்டு நாள் நான்காக நீண்டது. கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னார். அவள் மீது அவளுக்கே வந்த கோபத்தை எந்தக் கவுண்டரில் போய்க் காட்டுவது என்று தெரியவில்லை. பாத்திரங்களிடம் காட்டினாள். ஐந்தாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிய அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. கொடியில என் சட்டை கிடக்கு, எடுத்து உள்ள போடு" என்றார்.

"போடறேங்க" என்று அவள் மாடிக்கு ஓடினாள்.