வெளியாள் கை பட்டது

சரக்குக் கிடங்கில் அவரை எக்ஸ்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராக இல்லை. ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அட்டைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே ஒரு டப்பா குறைகிறது என்று சொல்லிவிடுகிற சரிபார்ப்பாளர். அந்தத் திறமையைக் கிடங்கிலேயே பூட்டிவிட்டு வந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மனுஷன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். பால் பாக்கெட்டில் எடை குறைவு, டாக்ஸி மீட்டரில் சூடு வைத்திருக்கிறார்கள், பல் டாக்டர் அடுத்த மாதத்துக்காக ஒரு சொத்தைப் பல்லை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார். இப்படி யாரைப் பார்த்தாலும் அவருக்கு மூக்கு வியர்க்கும்.

அப்படிப்பட்டவர் சந்தேகப்படாத ஆள் ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி செல்போன், லேப்டாப் பழுது பார்க்கிற சின்னக் கடை வைத்திருந்தான். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் மணி அடிக்காமல் நுழைந்து நேராக ஃபிரிட்ஜைத் திறக்கிறவன் அவன் ஒருவன்தான். எக்ஸ்ரே தன் பேங்க் கார்டின் ரகசிய எண்ணைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மச்சினனிடம் சொல்லியிருந்தார். அவன் "மாமா" என்று வாசலில் குரல் கொடுத்தால் இவர் முகத்தில் உள்ள பூட்டெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். வேறு யாருக்கும் அது திறந்ததில்லை.

மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டு லேப்டாப்பில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். மேஜைக்கு அடியில் தையல் மிஷின் மிதி போல ஒன்று இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார். "டாக்டருங்க வாயை காலால மூடுற ஒரே பொம்பளை நான்தான்" என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

அந்த மிதியின் வயர் போகிற யுஎஸ்பி போர்ட் முதலில் வலப்பக்கம் செத்தது. இடப்பக்கம் மாற்றினாள். ஒரு வாரத்தில் அதுவும் விட்டு விட்டு வந்தது. டாக்டர் "இடது சிறுநீ..." என்று நிற்பார், மறுபடி "...ரகத்தில்" என்று கிளம்புவார். பின்பு சார்ஜர் செருகுகிற ஓட்டை ஆடத் தொடங்கியது. வயருக்கு அடியில் ஓர் அழிப்பானை முட்டுக்கொடுத்து, ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டி, மூச்சு விடாமல் உட்கார்ந்தால் சார்ஜ் ஏறும். தும்மினால் போச்சு.

தம்பிக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினான்.

"இன்னும் எத்தனை நாள் வாரண்டி இருக்குக்கா?"

"பன்னெண்டு நாள்."

"அப்போ நான் கை வைக்கக் கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே குடுத்துடு. காசில்லாம மாத்திக் குடுப்பாங்க. மாமாவை இன்னைக்கே போகச் சொல்லு."

காசில்லாமல் என்ற சொல்லைக் கேட்டதுமே மாமாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. காசு வாங்காமல் ஒரு கம்பெனி எதற்கு உழைக்கும்? மூடிய கதவுக்குப் பின்னால் நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிட்டால் யார் கேட்பது?

கிடங்கில் இதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருந்தார்கள். குளிர் அறைக் கதவின் கொண்டியில் உள்ள ஸ்க்ரூக்களின் மேல் ஒரு பெயிண்ட் கோடு இழுப்பார்கள், பாதி ஸ்க்ரூவில், பாதி கதவில். எவனாவது கழற்றி மாட்டினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். எக்ஸ்ரேயே புகுத்திய முறை அது. மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷை எடுத்தார். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பத்து ஸ்க்ரூவுக்கும் பத்துக் கோடு போட்டார். காயும்வரை வாயால் ஊதினார். யாரிடமும் சொல்லவில்லை. காவல் போட்டதை ஊருக்குச் சொல்லிவிட்டா காவல் போடுவார்கள்?

சர்வீஸ் சென்டரில் டோக்கன் எடுத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் லேப்டாப்பை வாங்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

"என் கண்ணு முன்னாடியே திறந்து பாக்க முடியுமாம்மா?"

"இல்ல சார், உள்ள எஞ்சினியருங்கதான் பாப்பாங்க."

"உள்ளன்னா?"

அவள் ஒரு கதவைக் காட்டினாள். 'ஊழியர்கள் மட்டும்' என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரே அந்தக் கதவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர்களுக்கு நம் கோடு போதும் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் கிடங்கில் இருக்கும்போது போன் வந்தது. ஒரு பையன் எழுதி வைத்ததைப் படிக்கிற குரலில் சொன்னான்.

"சார், உங்க லேப்டாப்ல வெளியாள் கை பட்டிருக்கு. யாரோ திறந்திருக்காங்க. வாரண்டில வராது. போர்ட் தனியா மாத்த மாட்டோம், மதர்போர்டோட மாத்தணும்."

எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பையன் சொன்ன தொகையில் இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். எக்ஸ்ரேயின் காதில் அந்தத் தொகைகூட நிற்கவில்லை. யாரோ திறந்திருக்காங்க என்பதுதான் நின்றது.

யாரோ என்றால் யார்? அந்த லேப்டாப் வீட்டை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவை. போன மாதம், மெதுவாக ஓடுகிறது என்று மச்சினன் இரண்டு நாள் எடுத்துப்போனான். "உள்ள ஒண்ணும் தொடல மாமா, சாஃப்ட்வேர் மட்டும்தான்" என்று தானாகவே சொன்னான். கேட்காமலே ஏன் சொன்னான்? இப்போது வாரண்டி என்றதும் "நான் கை வைக்கக் கூடாது" என்று ஏன் அப்படி ஒதுங்கினான்? போன வாரம் புது ஸ்கூட்டர் வாங்கினானே, அது எங்கிருந்து வந்தது? அவன் சொன்ன நல்ல வார்த்தை ஒவ்வொன்றும் தலைகீழாகத் திரும்பி நின்று இவரை முறைத்தது. எவனெவனையோ பிடித்த நான் வீட்டுக்குள் இருந்தவனை விட்டுவிட்டேனே என்று ஆத்திரமாக வந்தது. சாப்பாட்டு நேரத்துக்குக்கூடக் காத்திருக்காமல் கிளம்பினார்.

கடையில் மச்சினன் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு போனுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"வாங்க மாமா. என்ன இந்த நேரத்துல? லேப்டாப் வந்துடுச்சா?"

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். உள்ளதைச் சொல்லணும்."

"கேளுங்க."

"அதுல இருந்த நல்ல பார்ட் எதையாவது எடுத்துட்டு வேற மாட்டிட்டியா? ஸ்கூட்டருக்குப் பணம் பத்தலன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே, நான் இல்லன்னா சொல்லப்போறேன்?"

பெஞ்சில் இருந்த மூவரும் அவரவர் போன்களைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்ல எழுந்து, அவசர வேலை என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு, பழுது பார்க்கக் கொண்டுவந்ததையும் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

மச்சினன் லென்ஸைக் கழற்றினான். பற்றவைக்கிற சூட்டுக்கோலை அணைத்தான்.

"நானா மாமா?"

"கம்பெனிக்காரன் சொல்றான், யாரோ திறந்திருக்காங்கன்னு. உன்னைத் தவிர யார் கைக்குப் போச்சு?"

"எந்த இடத்துல திறந்திருக்குன்னு காட்டச் சொன்னீங்களா?"

எக்ஸ்ரே காட்டச் சொல்லியிருக்கவில்லை. கிடங்கில் இருபத்திரண்டு வருஷத்தில் சரக்கைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ஆள்மேல் குற்றம் எழுதியதில்லை அவர். அப்போதும் விட்டுக்கொடுக்காமல், "பாக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சர்வீஸ் சென்டரில் இந்த முறை டோக்கன் எடுக்கவில்லை, சத்தம் போட்டார். அதனால் கதவு திறந்து எஞ்சினியரே வெளியே வந்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து விளக்கை அருகில் இழுத்தாள்.

"பாருங்க சார். எல்லா ஸ்க்ரூ மேலயும் செவப்பா ஏதோ பூசியிருக்கு. வெளிக்கடைல திறந்துட்டு மறைக்கறதுக்கு இப்படித்தான் பண்ணுவாங்க. இதைப் பாத்ததும் நாங்க திறக்கவே இல்ல. அப்படியே எடுத்து வச்சுட்டோம்."

பத்துக் கோடும் போட்டது போட்டபடி இருந்தன. ஒன்றுகூட விலகவில்லை.

"அது... நான் போட்டதும்மா."

"நீங்களா? எதுக்கு சார்?"

"நீங்க பார்ட்டை மாத்திடக் கூடாதுன்னு."

எஞ்சினியர் விளக்கை மறுபடி தள்ளி வைத்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. வாரண்டி செல்லாது என்று பதிவாகிவிட்டது, தலைமை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டால் ஆறு வாரத்தில் பதில் வரும், வரும் பதிலும் இதுவாகத்தான் இருக்கும் என்றாள். அவர் உறையோடு லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். அந்த இடத்தில் அவருக்கு வாரண்டி பெரிதாகத் தெரியவில்லை. மூன்று பேர் முன்னால் தான் கேட்ட கேள்விதான் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

வீட்டில் மனைவிக்கு அதற்குள் விஷயம் வந்திருந்தது. தம்பி சொல்லவில்லை. பெஞ்சில் இருந்த ஒருத்தி சொல்லியிருந்தாள். எக்ஸ்ரே நெயில் பாலிஷ் கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். ஒரு நாள் முன்னால் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"என் தம்பியைத் திருடன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள். "நாளைக்குக் காலைல நாப்பது ஃபைல் அனுப்பணும் நான். நீங்களே கொண்டுபோய் அவன்கிட்ட குடுங்க. நான் கூட வர மாட்டேன், போனும் பண்ண மாட்டேன்."

சாயங்காலம் போனார். கடையில் ஆள் இல்லை, நல்லவேளை. இல்லை, நல்லவேளை என்று சொல்ல முடியாது. அவமானப்படுத்தும்போது இருந்த கூட்டம் மன்னிப்புக் கேட்கும்போதும் இருந்திருக்க வேண்டும். அது அவருக்கே தோன்றியது.

"மாப்ளே, தப்பு என் மேலதான். அந்த ஸ்க்ரூவுல கோடு போட்டது நான். புத்தி கெட்டுப்போய் உன்னைக் கேட்டுட்டேன். மன்னிச்சுடுப்பா."

"பரவால்ல. குடுங்க" என்றான் அவன்.

அவ்வளவுதான். எக்ஸ்ரேக்கு உயிர் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மச்சினன் நெயில் பாலிஷைச் சுரண்டி எடுத்து, மூடியைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த சார்ஜர் போர்ட்டைப் பெயர்த்துப் புதிதை வைத்துப் பற்றவைத்தான். யுஎஸ்பி இரண்டையும் மாற்றினான். மதர்போர்டு எதுவும் தேவைப்படவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் லேப்டாப் ஆட்டி அசைத்தாலும் சார்ஜ் ஏறியது. நடுநடுவே அவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். எதற்கு என்று எக்ஸ்ரே கேட்கவில்லை.

லேப்டாப்பை மூடுவதற்கு முன்னால் அவன் பிரிண்டரில் இருந்து இரண்டு தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தான். ஒன்று பில். மூன்று போர்ட்டுக்கும் விலை, கூலி, மூன்று மாத வாரண்டி, எல்லாம் சுத்தமாக அச்சாகியிருந்தது. வாடிக்கையாளர் என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயர் இருந்தது. இன்னொரு தாளில் லேப்டாப்பின் உள்பக்கப் படங்கள், திறந்தபோது ஒன்று, வேலை முடிந்தபின் ஒன்று. பேட்டரியின் எண், மெமரியின் எண், டிஸ்க்கின் எண்.

எக்ஸ்ரே பணத்தை எடுத்து வைத்தார். அவன் எண்ணி வாங்கி, மீதிச் சில்லறையைக் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் சில்லறை என்று ஒன்று கைமாறியதில்லை.

"இங்க கையெழுத்துப் போடுங்க, சார்" என்றான்.

சார் என்ற சொல் காதில் விழுந்ததும் எக்ஸ்ரேக்குக் கண் கலங்கிவிட்டது. எதையும் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி, தாளின் அடியில் சரசரவென்று கையெழுத்தைப் போட்டு நீட்டினார். போதுமா, உன்னை நம்புகிறேன், வேறு எப்படிக் காட்டுவது என்று அவர் முகம் கெஞ்சியது.

மச்சினன் தாளை வாங்கவில்லை. திறந்தே கிடந்த லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, விளக்கையும் அருகில் நகர்த்தினான். குரலில் கோபம் இல்லை. எல்லா வாடிக்கையாளரிடமும் பேசுகிற மரியாதைதான் இருந்தது.

"பாக்காம போட வேணாம் சார். ஒவ்வொரு நம்பரா சரிபாத்துட்டுப் போடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

"வேணாம் மாப்ளே. எனக்குத் தெரியும்."

"பாருங்க சார். நான் இருக்கேன்."

அவன் கைகளைக் கட்டிக்கொண்டு காத்து நின்றான். எக்ஸ்ரே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு தாளைப் பக்கத்தில் வைத்து, பேட்டரியின் எண்ணை முதல் இலக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.