தள்ளிப்போட்ட நாளு

கெமிஸ்ட்ரி பேப்பர்ல பாதி பதிலு எழுதும்போதே நூருல் ஹுதாவுக்குப் பேனா நின்னுட்டு. காலையில கடகடன்னு ஒப்பிச்ச பாடம், இப்ப ஒரு வரிகூட வர மாட்டேங்கு. வெளிய ஓடுத விசைத்தறிச் சத்தம்தான் மண்டைக்குள்ள நெறைஞ்சு நிக்கு. கவனம் நிக்கதுக்கு டாக்டரம்மா எழுதிக் குடுத்த மாத்திரைய விடியுமுன்ன நோன்புக்குச் சாப்பிடுத சகர் நேரத்துலயே போட்டுட்டாளே! அதப் போட்டா தறி ஓடுததே அவ காதுல வுழாது. ரெண்டு வருசமா அப்படித்தான்.

பரீட்சை முடிஞ்சதும் வீட்டுக்குப் போகல. நேரா மாமி மக ரைஹானாகிட்ட ஓடுனா. அவ பார்மசி படிக்கா, லீவுக்கு வந்திருந்தா.

"ராத்தா, என் மாத்திரை வேலை செய்யல."

"ஏட்டி, அதுவும் நோன்பு புடிக்கோ?"

"சிரிக்காத. பெயிலாயிருவேன்."

"பெயிலானா என்ன, துபாய் மாப்பிள்ளை பாத்துருவாக. கல்யாணத்துல எனக்கு ஒரு சகன் தட்டு நெறைய சோறு எடுத்து வையி. சரி, எப்பலேர்ந்து இப்படி?"

"நோன்போடதான் இங்கிலீசு பரீட்சை எழுதுனேன், நல்லாத்தான் இருந்துச்சு. இந்த நாலஞ்சு நாளாத்தான்..."

ரைஹானா சிரிப்பு அப்படியே நின்னுட்டு. மாசாமாசம் வாரது வந்துட்டா நோன்பு விடணும், பொறவு தனியாப் புடிச்சு ஈடு கட்டணும். இந்தத் தடவ முப்பதும் விடாமப் புடிக்கணும்னு ரெண்டு பேருக்கும் போட்டி. நாளத் தள்ளிப்போடுத மாத்திரையில ஒரு அட்டைய ஹுதா கையில திணிச்சது இவதான்.

"அது ஹார்மோன் மாத்திரைட்டி. பார்மசி படிக்கேன்னு பீத்திக்கிட்டு, உன் மாத்திரைய யோசிக்கவேயில்ல பாரு."

உடனே திருநெல்வேலி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாக. அவுக நல்லா ஏசிட்டுச் சொன்னாக: "ஹார்மோன் ஏறி எறங்கும்போது சில பொண்ணுகளுக்கு இந்தக் கவனத்துக்குப் போடுத மாத்திரை முன்னப்பின்னதான் வேலை செய்யும். உனக்கும் அதுதானான்னு பாக்காமச் சொல்ல முடியாது. அதுல கூட ஒண்ணு போட்டுறாத! தள்ளிப்போடுதத நிப்பாட்டுனா ரெண்டு மூணு நாள்ல பீரியட் வந்துரும். உம்மாட்ட சொல்லிக் கூட்டிட்டு வா."

"நிப்பாட்டிரு மக்கா," ரைஹானா அவ தோளத் தட்டுனா. "போட்டியில நான் ஜெயிச்சதா வச்சுக்கிடுதேன்."

ஹுதாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. வந்த வேகத்துல போயிட்டு.

"நோன்பு கெடக்கட்டும் ராத்தா. மூணாம் நாளு பிசிக்ஸ். எனக்கு வந்தா நிமிந்து உக்கார முடியாதுன்னு உனக்கே தெரியும். இன்னைக்கி நிப்பாட்டுனா, தலை மொதல்ல தெளியுமா, வயிறு மொதல்ல வலிக்குமா?"